மின்சாரத்தைச் சேமித்துத் தந்த காஸ்தோன் பிளான்டே

சென்னை மாநகரின் தெருக்களில் ஓடும் கார்களில்தான் எத்தனை வகை! உருவம் வேறு, விலை வேறு, வேகம் வேறு. ஆயினும் பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு கனத்த பெட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம். அப்பெட்டிக்குள் இருப்பவை ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும். பாடநூல் அதைச் சேமக்கலம் என்கிறது. நாம் பேட்டரி என்கிறோம். இந்த இரண்டு பொருள்களையும் சேர்த்து மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் காஸ்தோன் பிளான்டே என்னும் பிரெஞ்சு அறிஞர். ஆண்டு 1859. அப்போது அவருக்கு வயது 25. அதன்பின் 160 ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன. அவர் கண்ட அடிப்படை மட்டும் மாறவே இல்லை.

இயற்பியல் படித்தவர்கள் அனைவரும் பிளான்டேயின் பெயரை அறிவர். அவரது வாழ்க்கையை அறிந்தவர் மிகச் சிலரே. மின்விளக்கு என்றவுடன் எடிசனை நினைக்கிறோம். வானொலி என்றவுடன் மார்க்கோனியை நினைக்கிறோம். காரைக் கிளப்பும்போது பிளான்டேயை நினைப்பவர் யார்?

மயிலாப்பூரில் உள்ள எங்கள் வீட்டில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் பேட்டரியைத் துடைத்துப் பார்த்து வைப்பது தாத்தா காலத்திலிருந்து வந்த வழக்கம். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அவ்வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. தாத்தா சொல்லித் தந்த விதிகள் பல. குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது, காரை நெடுநாள் சும்மா நிறுத்தக் கூடாது, முனைகளில் வெள்ளை பூக்க விடக் கூடாது என்பன அவற்றுட் சில. ஏன் கூடாது என்ற கேள்விக்கு விடை தேடி நூலகத்திற்குச் சென்றபோது, அவ்விதிகள் பிளான்டேயின் ஆராய்ச்சி வாழ்க்கையோடு பின்னிக் கிடப்பதைக் கண்டேன். எனவே அவரது வரலாற்றையும் அவர் நம் வீட்டுக்கு விட்டுச் சென்ற வேலையையும் சேர்த்தே இங்கு எழுத முற்படுகிறேன்.

இளமையும் முதற்பணியும்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில், பிரனீஸ் மலைத்தொடருக்கு அண்மையில், ஓர்தெஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1834 ஏப்ரல் 22-ஆம் நாள் பிளான்டே பிறந்தார். இருபதாம் வயதில், 1854-இல், பாரிசிலிருந்த புகழ்பெற்ற கலை, கைத்தொழில் கழகத்தில் இயற்பியல் விரிவுரைகளுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக விளங்கியவர் எட்மோன் பெக்கெரல். ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1839-இல் கண்டறிந்தவர் இவர். கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கெரல் இவருடைய மகன். இத்தகைய ஆசிரியரின் நிழலில் பணியாற்றும் வாய்ப்பு இளைஞர் பிளான்டேக்குக் கிட்டியது.

அவரது கவனம் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் நிற்கவில்லை. 1855-இல் பாரிசை அடுத்த மெதோன் என்னுமிடத்தில் மண்ணில் புதைந்திருந்த ஒரு பெரும் பறவையின் எலும்பைக் கண்டெடுத்தார். ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது அப்பறவை, பறக்க இயலாதது, ஆளுயரத்தையும் விஞ்சி நின்றது. அவருடைய பெயராலேயே அதற்குக் காஸ்தோர்னிஸ் என்று பெயர் சூட்டினர் அறிஞர்கள். மின்னியல் மாணவருக்குப் பறவை எலும்போடு என்ன உறவு என்று கேட்கலாம். பிறர் மிதித்துக் கடந்து போகும் இடத்தில் குனிந்து பார்க்கும் குணம் அது. ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே குணம்தான்.

ஈயம் வென்ற கதை

1800-இல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா தம் மின்னடுக்கை வெளியிட்ட நாள் முதல் மின்சாரம் மனிதன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அக்காலத்து மின்கலங்களுக்கு ஒரு பெருங்குறை. அவற்றிலிருந்த துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் வரும். கரைந்து தீர்ந்தால் கலமும் தீர்ந்தது. விறகு எரிந்து சாம்பலாவதைப் போன்றது அது. சாம்பலை மீண்டும் விறகாக்க வழியுண்டா என்பதே கேள்வி.

அமிலத்தில் இரு உலோகத் தகடுகளை நிறுத்தி மின்னோட்டத்தைச் செலுத்திப் பின் நிறுத்தினால், சிறிது நேரம் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் தோன்றும். 1803-இல் ஜெர்மானிய அறிஞர் ரிட்டர் இத்தகைய எதிர்மின்னோட்டம் தரும் அடுக்கு ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். பலர் இதை ஒரு தொல்லையாகவே கருதினர். பிளான்டே அதைத் தொல்லையாகக் கருதவில்லை. வெவ்வேறு உலோகங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, எதில் அந்த எதிர்மின்னோட்டம் வலுவாகவும் நெடுநேரமும் நிற்கிறது என்று அளந்தார். பொன்னும் வெள்ளியும் பிளாட்டினமும் அந்தப் போட்டியில் தோற்றன. விலை மலிந்த, கறுத்த, மென்மையான ஈயம் வென்றது.

இரண்டு நீண்ட ஈயத் தகடுகளை எடுத்தார். அவை ஒன்றையொன்று தொடாதபடி இடையே துணியை வைத்தார். பின்னர் ரப்பர்ப் பட்டைகளை வைத்தார். பாயைச் சுருட்டுவது போல் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலம் நிறைந்த கண்ணாடிச் சாடிக்குள் இறக்கினார். உருவம் எளிது, அதன் நுட்பம் பெரிது. தகட்டின் பரப்பு மிகுதி, இரு தகடுகளுக்கும் இடைவெளி குறைவு. ஆகவே கலத்தின் உள்மின்தடை மிகக் குறைந்து, பெருமின்னோட்டம் பாய வழி பிறந்தது. காரைக் கிளப்பும் நொடியில் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை நம் பேட்டரி அள்ளி வழங்குகிறதே, அதற்கு அடித்தளம் இதுதான்.

1860-இல் ஒன்பது கலங்களை இணைத்து ஓர் அடுக்காக்கிப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். மின்சாரத்தை நிரப்பலாம், எடுக்கலாம், மீண்டும் நிரப்பலாம் என்பதை அறிஞர் உலகம் கண்ணாரக் கண்டது.

தகட்டைப் பக்குவப்படுத்திய பொறுமை

இவ்வளவுதானா என்று எண்ணிவிட வேண்டா. புதிய ஈயத் தகடு முதல் நாளிலேயே மிகுந்த மின்சாரத்தை ஏற்றுக்கொள்வதில்லை. அதன் மேற்பரப்பில் மட்டுமே மாற்றம் நிகழும். பிளான்டே அதில் மின்சாரத்தை ஏற்றினார், இறக்கினார், ஓய்வு கொடுத்தார், திசையை மாற்றி மீண்டும் ஏற்றினார். ஒவ்வொரு முறையும் ஈயத்தின் சற்று ஆழமான பகுதியும் வேலைக்கு வந்தது. தகடு கடற்பஞ்சு போல் நுண்துளைகள் உடையதாயிற்று. இவ்வாறு ஒரு தகட்டைப் பக்குவப்படுத்த மாதக் கணக்கில் ஆயிற்று. இன்று ஒரு செய்முறையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு ஓட நினைக்கும் நாம், இந்தப் பொறுமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே நிகழும் வேதியியல் எளியது. மின்னேற்றம் பெற்ற நிலையில் ஒரு தகட்டில் ஈய டை ஆக்சைடும் மற்றொன்றில் தூய ஈயமும் இருக்கும். மின்சாரம் வெளியேறும்போது இரண்டுமே அமிலத்தோடு சேர்ந்து ஈய சல்பேட் ஆகின்றன. அமிலம் வலுக் குறைந்து நீர் மிகுகிறது. மின்சாரத்தை ஏற்றும்போது இவை அனைத்தும் பின்னோக்கித் திரும்புகின்றன. சாம்பல் மீண்டும் விறகாகிறது! அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்து மின்னேற்றத்தின் அளவை அறிவதும் இதனால்தான். நிறைந்த நிலையில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.25 முதல் 1.28 வரை இருக்கும். ஒரு கலம் தருவது ஏறத்தாழ 2 வோல்ட். ஆறு கலம் சேர்ந்தது நம் காரின் 12 வோல்ட் பேட்டரி.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உண்டான ஈய சல்பேட் விரைவில் திரும்பிவிட வேண்டும். மின்சாரம் இறங்கிய நிலையிலேயே பேட்டரியை வாரக்கணக்கில் கிடத்திவிட்டால், மென்மையாக இருந்த சல்பேட் பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு மின்சாரத்தைச் செலுத்தினாலும் அது முழுமையாகத் திரும்பாது. பழகப் பழக வளர்ந்த தகடு, கிடக்கக் கிடக்கக் கெடுகிறது.

இதன் பொருளை 2020-ஆம் ஆண்டு நம் நகரத்தில் பலர் அனுபவித்து அறிந்தனர். மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியதும் வண்டிகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. தியாகராய நகரில் என் சித்தி குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஜூன் மாதத்து இரவு ஒன்றில் மேல்வீட்டுப் பெரியவருக்குக் கடுமையான மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் நிலை. அவர் மகன் ஓடிச் சென்று காரின் சாவியைத் திருப்பினால் டக், டக் என்ற ஒலி மட்டுமே எழுந்தது. பக்கத்துக் காரும் அவ்வாறே. மூன்றாவது காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஓர் அலுவலர். ஏப்ரல் மாதத்திலேயே பேட்டரியின் எதிர்மின் முனைக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார். கடிகாரம், எச்சரிக்கை மணி முதலியவை நின்ற வண்டியிலும் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கம்பியை மாட்டித் திருகிய மறுகணம் அவரது கார் கிளம்பியது. பெரியவர் மருத்துவமனை சேர்ந்தார். பத்து நாளில் நலமுடன் வீடு திரும்பினார். ஒரு ஸ்பானரும் இரண்டு நிமிட முன்யோசனையும் அன்று ஓர் உயிரின் பக்கம் நின்றன.

பிறர் வளர்த்த பயிர்

பிளான்டேயின் கலத்திற்கு மின்சாரத்தை ஏற்ற வேண்டுமானால், அக்காலத்தில் வேறு மின்கலங்களிலிருந்துதான் ஏற்ற வேண்டும். வேறொரு கிணற்றில் இறைத்து வந்து நிரப்ப வேண்டிய தொட்டி அது! 1870-களில் கிராம் என்பவரின் டைனமோ நடைமுறைக்கு வந்தபோதே சேமக்கலத்தின் காலம் கனிந்தது. அதற்குள் பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பிளான்டே சோர்ந்து அமரவில்லை. 800 கலங்களை ஒன்றாக இணைத்து ஆயிரத்தைந்நூறு வோல்ட்டையும் தாண்டிய மின்னழுத்தத்தைப் பெற்றார். அதைக் கொண்டு பந்து வடிவில் தோன்றும் மின்னல், துருவ ஒளி போன்ற இயற்கை நிகழ்ச்சிகளை ஆய்வுக்கூடத்தில் ஒத்துப் பார்க்க முயன்றார். தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1879-இல் நூலாக வெளியிட்டார்.

1881-இல் காமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், ஈய ஆக்சைடைப் பசையாக்கித் தகட்டின்மேல் பூசும் முறையைப் புகுத்தினார். மாதக் கணக்கில் நிகழ்ந்த பக்குவம் நாள் கணக்கில் சுருங்கியது, தொழிற்சாலைகள் எழுந்தன. நம் காரில் இருப்பதும் பசை பூசிய தகடே. அதே 1881-இல் பாரிசுத் தெருவில் குஸ்தாவ் துரூவே ஈயக் கலங்களால் ஓடும் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1899-இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார், ஜெனாட்சி என்பவர் ஓட்டிய மின்சாரக் காரே. அதன் வலிமையும் ஈயக் கலங்களே.

பெட்ரோல் காருக்குப் பேட்டரி இன்றியமையாததானது இருபதாம் நூற்றாண்டில்தான். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுழற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்புவார்கள். எதிர்த்து உதைத்தால் கை முறியும். நம் ஊர் அம்பாசிடர்களுக்கும் ஒரு ஹேண்டில் இருந்ததை மயிலையின் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பேட்டரி படுத்துவிட்ட நாளில் அதுவே துணை. இன்றைய கார்களில் அந்தத் துணை கிடையாது. பேட்டரியைப் பேணுவது ஒன்றே வழி.

வீட்டில் செய்ய வேண்டுவன

ஞாயிற்றுக்கிழமைப் பணியை இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பர்கள் தம் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

முதலில் காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. மின்னேறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படும். ஒரு பொறி போதும், வெடிப்பதற்கு. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, பழைய சட்டை ஆகியவை அவசியம். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்து எதிர்மின் முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இதன் காரணம் எளிது. இக்காலக் கார்களில் வண்டியின் உடல் முழுவதும் எதிர்மின் முனையோடு இணைந்திருக்கிறது. நேர்மின் முனையை முதலில் கழற்றப் புகுந்து, ஸ்பானர் தவறி வண்டியின் உடலைத் தொட்டால் பெரும் தீப்பொறி எழும். எதிர்மின் முனையைக் கழற்றிய பின் அந்த அச்சம் இல்லை.

முனைகளில் வெள்ளையாகவும் நீலமாகவும் பூத்திருப்பது என்ன? மின்னேறும்போது எழும் வாயு நுண்ணிய அமிலத் துளிகளை வெளியே கொண்டுவருகிறது. அது ஈய முனையைத் தாக்கினால் வெள்ளை. கம்பியின் செம்பைத் தாக்கினால் நீலம். மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து இந்த அரிப்பை விரைவுபடுத்துகின்றன. இங்கே ஒரு விந்தை உண்டு. பெட்டிக்குள்ளே ஈயம் அரிக்கப்பட்டு ஆக்சைடாக மாறியதால்தான் பேட்டரியே பிறந்தது. உள்ளே பிளான்டே வளர்த்த அதே அரிப்பு வெளியே முனையில் தோன்றினால் நமக்குப் பகை!

அந்தப் பூப்பு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை இயற்பியல் மாணவர் ஒரு வரியில் கணக்கிடலாம். முனையில் 0.02 ஓம் மின்தடை மட்டுமே ஏற்பட்டதாகக் கொள்வோம். 150 ஆம்பியர் பாயும்போது அங்கேயே 3 வோல்ட் இழப்பாகிறது. 12 வோல்ட்டில் 9 வோல்ட்டே ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரும். பேட்டரி நன்றாக இருந்தும் கார் கிளம்பாது. இதை அறியாமல் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கி வருவோர் உண்டு.

இதற்கு மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஆப்பத்திற்குப் போடும் சோடா உப்பை ஒரு மேசைக்கரண்டி எடுத்து ஒரு தம்ளர் நீரில் கரைக்க வேண்டும். பேட்டரியின் மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பின், பழைய பல்துலக்கியால் அக்கரைசலை முனைகளில் தேய்க்க வேண்டும். நுரை பொங்கும். அமிலமும் காரமும் சேரும்போது எழும் கரியமில வாயுதான் அது. நுரை அடங்கினால் அமிலம் தீர்ந்தது என்று பொருள். சோடாக் கரைசல் ஒரு துளியும் உள்ளே போய்விடக் கூடாது. போனால் உள்ளிருக்கும் அமிலத்தைக் கெடுத்துவிடும். பின்பு நல்ல நீரால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி, கம்பித் தூரிகையால் முனை பளிச்சிடத் தேய்த்து, கம்பிகளை மாட்டி இறுக்கி, மேலே வாசலின் மெல்லியதாகத் தடவ வேண்டும். பேட்டரியின் தலைப்பகுதியில் படியும் தூசியையும் விட்டுவைக்கக் கூடாது. ஈரத் தூசி இரு முனைகளுக்கும் இடையே ஒரு கள்ளப் பாதையாகி, இரவெல்லாம் மின்சாரத்தைக் கசிய விடும்.

திறக்கக்கூடிய மூடி உள்ள பேட்டரியானால் அமிலத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். தகடுகளுக்கு மேல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பெட்டியில் கோடு இருந்தால் அதுவே அளவு. குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குறைவது பெரும்பாலும் நீரே, அமிலம் அன்று. எனவே அமிலம் சேர்ப்பது தவறு. ஆழ்குழாய் நீரில் உள்ள உப்புகளும் குளோரைடும் தகட்டைக் கெடுக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் வழிந்து முனையை அரிக்கும். மூடி திறவாத வகையானால் அதைக் குத்தித் திறக்க முயலவே கூடாது. வெளிப்புறத்தைத் துடைத்தால் போதும். அமிலம் கையிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஏராளமான நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணானால் கழுவியவுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இறுதியாக வோல்ட் மீட்டர். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால் அளவு. 12-க்குக் கீழே என்றால் காலி. இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

நம் சென்னை வெயிலுக்கு ஒரு தனிச் சொல். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான விதி. நீர் விரைவில் குறையும். உள்ளே ஈயச் சட்டம் விரைவில் அரிக்கும். குளிர்நாட்டுப் பேட்டரியைவிட நம் பேட்டரிக்கு ஆயுள் குறைவதன் காரணம் இதுவே. மே மாதத்தில் இரு வாரத்திற்கு ஒருமுறை மட்டம் பார்ப்பதும், மர நிழலில் வண்டியை நிறுத்துவதும் பலன் தரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய காரின் சாவியைத் திருப்பாமல், நீர் வடிந்தபின் எதிர்மின் முனையை முதலில் கழற்றிவிட்டு, மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

நம் நாட்டில் தொடரும் பணி

பிளான்டே விதைத்த துறைக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு பெரிய இல்லம் உண்டு. கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி 1944-இல் தோன்ற வாரி வழங்கிய வள்ளல் அழகப்பச் செட்டியாரே இதற்கும் காரணர். காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைக்க, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. மின்கலங்களும் உலோக அரிப்பும் அதன் முக்கிய ஆய்வுத் துறைகள். நம் கல்லூரிகளுக்கு எட்டிய தொலைவில், தரமணியில், அதன் சென்னைப் பிரிவு இயங்குகிறது. இயற்பியல், வேதியியல் நண்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஈயத்தின் மற்றொரு முகத்தையும் மறைக்கலாகாது. அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது. ஆயுள் முடிந்த பேட்டரியை உடைப்பதும், அமிலத்தைச் சாக்கடையில் கொட்டுவதும், ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குவதும் பெருங்கேடு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்துள்ளன. ஜி.பி. சாலையிலோ வேறெங்கோ புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும். அதிலுள்ள ஈயம் மீண்டும் உருகிப் புதிய தகடாகும். பிளான்டேயின் கலத்தைப் போலவே அவரது உலோகமும் மறுபிறவி எடுக்க வல்லது.

நிறைவு

1889 மே 21-ஆம் நாள், பாரிசை அடுத்த பெல்வூ என்னுமிடத்தில், 55-ஆம் வயதில் பிளான்டே மறைந்தார். அவருடைய சேமக்கலத்தால் செல்வம் குவித்தவர்கள் பிறர். அவர் தொழிற்சாலை முதலாளியாகவில்லை; கடைசிவரை ஆய்வாளராகவே வாழ்ந்தார். மின்னியலில் சிறந்த ஆய்வு செய்வோர்க்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் வழங்கி வந்த ஒரு பரிசு அவர் பெயரைத் தாங்கி நின்றது.

அவர் வாழ்விலிருந்து நான் கற்றது ஒன்று. பிறர் தொல்லை என்று ஒதுக்கிய எதிர்மின்னோட்டத்தை அவர் அளந்தார். பிறர் மதிக்காத ஈயத்தை எடுத்தார். மாதக் கணக்கில் அதைப் பழக்கினார். அதன் பயன் இன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கிறது. கற்ற கல்வியும் அவர் கண்ட கலத்தைப் போன்றதே. எடுத்துப் பயன்படுத்தி, மீண்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால் அது வளரும். தேர்வு முடிந்ததும் மூலையில் போட்டுவிட்டால் இறுகிப் போகும். ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டுக் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். இயற்பியலும் வேதியியலும் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கின்றன.